வேதநாயக சாஸ்திரியாரும் தஞ்சைச் சீமையின் குடும்ப ஜெபமும்

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்து மறைந்த கிறிஸ்தவக் கவிஞர். ‘சுவிசேஷ கவிராயர்’ என்று போற்றப்பட்டவர். பட்டுக்கோட்டை உள்ளிட்ட தஞ்சைச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபம் தமிழ் ராகத்தில் ஒலிப்பதற்கு இவரே முதற்காரணம் எனலாம்.

சுமார் 12 வயதில் இவரை ஜெர்மானிய மிஷனரி கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்து வந்தார். சுவார்ட்ஸ் (1726–1798) இளவரசர் சரபோஜிக்கும் காப்பாளராக இருந்தவர். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் நிற்கும் மனோரா கோட்டையைப் பின்னாளில் கட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி அந்த இளவரசரே. தரங்கம்பாடியில் படித்த வேதநாயகர், பின்பு தஞ்சையில் ஆசிரியரானார். பிற்காலத்தில் சரபோஜியின் அவைப்புலவராகவும் இருந்தார்.

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாள்முதல், லுத்தரன் சபைகளில் பெரும்பாலும் ஜெர்மானிய மெட்டிலமைந்த ஞானப்பாட்டுகளே பாடப்பட்டு வந்தன. கோயிலுக்குள் அவை பொருந்தின. ஆனால் மற்ற ஆறு நாளும் வயலிலும் அடுப்படியிலும் தானாக வாயில் வரும் பாட்டு வேறு. அந்தப் பாட்டையே சாஸ்திரியார் எடுத்துக்கொண்டார். கும்மியில் சாஸ்திரக்கும்மி எழுதினார். குறவஞ்சியில் பெத்லகேம் குறவஞ்சி. அதில் குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவம். ஏற்றம் இறைப்போர் பாட்டில் ஞான ஏற்றப்பாட்டு. ஏற்ற மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் நிற்பவர் சாலைக் கவிழ்ப்பார். இறைத்த சால்களின் கணக்கும் பாட்டிலேயே ஓடும். கால்வீச்சோடு மூச்சு சேரும் அந்த நடையில் வேதச் செய்தி ஏறியபோது, உழைக்கும் நேரமே ஜெப நேரமும் ஆனது. அவருடைய நூல்களில் இதையே நான் மிகப் பெரிய கொடையாகக் கருதுகிறேன்.

1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பின் வழியாக இவர் பாடல்கள் தஞ்சையைத் தாண்டியும் பரவின. இன்று இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழ்ச் சபைகளும் அவற்றைப் பாடுகின்றன.

தஞ்சைச் சீமையின் வீடுகளில் இந்தக் கீர்த்தனைகளோடு குடும்ப ஜெபம் இரவில் பாய் விரித்து நடக்கும். ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம் வேதவாசிப்பு, பின்பு முழங்காற்படியிட்டு ஜெபம். கல்லணைக் கால்வாயின் கடைமடைக்கு இன்னும் வராத தண்ணீர், மகளின் கல்யாணம், திருப்பவேண்டிய நகைக்கடன், மனத்தாங்கலோடு பிரிந்துபோன தம்பி என ஒவ்வொன்றும் பேர் சொல்லி ஆண்டவரிடம் வைக்கப்படும். சின்னப் பிள்ளைக்கும் ஒரு வாக்கியம் ஜெபிக்க முறை உண்டு. வீட்டார் ‘சமாதானம்’ என்று சொல்வது இதைத்தான்: கவலை தீர்ந்தபாடில்லை; ஆனால் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியாயிற்று. மனத்துக்குள்ளேயே புழுங்கிக் கிடப்பவருக்கு இது பெரிய ஆறுதல். சம்பா அறுப்பு முடிந்து வரும் அறுப்பின் பண்டிகையில் அதே வீட்டார் நெல்லும் பூசணியும் வாழைத்தாரும் கோயிலுக்குக் கொண்டு வந்து படைக்கிறார்கள். படைத்தவை ஏலம் விடப்படும்.

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு காயமும் உண்டு. கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை மிஷனரிகள் நீக்க முயன்றபோது, 1829 வாக்கில் சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பாடல்களை மிஷனரிகள் திருத்தியதும் சண்டைக்கு ஒரு காரணம். அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சாதியில் இல்லை. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அறவே கைவிடுமாறு கட்டளையிட்டார். தஞ்சைச் சபை பிளவுபட்டது. எந்த மக்களைத் தள்ளி உட்காரச் சொன்னார்களோ, அந்த மக்களின் பிள்ளைகளும் இன்று சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடுகிறார்கள். சபைகளில் சாதி குறித்த வழக்கு இன்னும் ஓயவில்லை.