பல்கு அறிஞரின் நூலும் ஓசூர்ச் சாலையும்

உடலைப் பேணுவதற்குரிய விதிகளைக் கூறும் மருத்துவ நூல்கள் எல்லா நாகரிகங்களிலும் உண்டு. உள்ளத்தைப் பேணுவதற்கு, அதுவும் நோயுற்ற பின்னர் அன்று, நலமாய் இருக்கும்போதே நாள்தோறும் செய்ய வேண்டியவற்றை முறைப்படுத்திச் சொன்ன பழைய நூல்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பல்கு நகரத்து அறிஞர் ஒருவரால் அரபு மொழியில் எழுதப்பட்டது. அந்நூலைத் தேன்கனிக்கோட்டை வட்டாரத்து மக்களை மனத்திற் கொண்டு இங்கே நினைவுகூர விரும்புகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

நூலின் பெயர் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்பது அதன் பொருள். ஆசிரியர் அபூ ஸைத் அல்-பல்கீ. கி.பி. 850ஆம் ஆண்டளவில் பல்கைச் சார்ந்த ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் இராக் சென்று, தத்துவ மேதை அல்-கிந்தியிடம் பயின்று, பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினார். ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்தார். புவியியல் வரலாற்றில் நிலப்படக் கலைக்கு அவர் பெயரால் ஒரு மரபே வழங்கி வருகிறது. இத்துணைப் பெருமை வாய்ந்தவர், ஆட்சியாளர் அளித்த அமைச்சர் பதவியை ஏற்காமல் எழுத்தர் பதவியே போதும் என்று அமைந்தார் எனப் பழைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. புகாரா நகர் வருமாறு அரசர் அழைத்தபோது, இடையிலிருந்த ஆமூ நதியின் அலைகளையும் அகலத்தையும் கண்டு அஞ்சித் திரும்பிவிட்டார் என்றொரு செய்தியும் உண்டு. அச்சத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியவருக்கு அச்சம் இருந்தது என்பதில் நமக்கு வியப்பில்லை. அறிந்தவர்தாமே எழுத முடியும்!

நூல் இரு பாகங்களாக அமைந்தது. முதற்பாகம் உடலைப் பற்றியது. உறைவிடம், உணவு, நீர், உறக்கம், குளியல், உடற்பயிற்சி என அன்றாட வாழ்வின் கூறுகள் அதில் ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. இரண்டாம் பாகம் எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தைப் பேசுகிறது. அதன் தொடக்கத்திலேயே பல்கீ ஒரு குறையை எடுத்துரைக்கிறார். காய்ச்சலோ வேறு நோயோ இன்றி வாழ்நாள் முழுவதையும் கழித்தவர்கள் உண்டு. சினமும் துயரும் அச்சமும் தீண்டாத மனிதர் எவருமில்லை. அவ்வாறிருக்க மருத்துவர்கள் உடலை மட்டும் எழுதி உள்ளத்தை விட்டுவிட்டார்கள் என்பது அவர் முறையீடு.

அவர் காட்டும் வழிகள் எளியவை. உடல் நலமாய் இருக்கும்போதே மருந்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்வது போல, மனம் அமைதியாய் இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறார். சினம் பொங்கும் நேரத்தில் சிந்தனை கைகொடுக்காது. முன்னரே சிந்தித்து வைத்ததுதான் கைகொடுக்கும். சிறு சிறு எரிச்சல்களைப் பொறுத்துப் பழகினால் பெரியவற்றைத் தாங்கும் வலிமை வரும் என்றும், ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் தாங்குதிறனை அளந்தறிந்து அதற்கேற்ற சுமையையே ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறார். ஒருவர் ஓர் ஊரையே ஆளலாம். மற்றொருவருக்கு ஒரு கடையே மிகுதி. இதில் இழிவு எதுவும் இல்லை. பதவியை மறுத்த மனிதரின் வாயிலிருந்து வரும்போது இச்சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

துயரை அவர் இரு வகையாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துயர் ஒன்று. இழப்பாலோ பிரிவாலோ வருவது. காரணம் தெரியாமல் கவிந்துகொள்வது மற்றொன்று. பின்னதற்கு உடலின் நிலையே மூலம் எனக் கருதி, அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். வெறும் அறிவுரை கூறிப் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். ‘எல்லாம் இருந்தும் உனக்கென்ன குறை’ என்று மனம் சோர்ந்தவரைக் கடிந்துகொள்ளும் நம் வீட்டார் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

இறுதி அத்தியாயம் வஸ்வாஸ் பற்றியது. ஒளுவில் ஐயம் கொண்டு ஓர் உறுப்பையே பத்து முறை கழுவும் இளைஞரை நாம் எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். பேணுதல் மிக்கவர் என்று சிலர் புகழ்வர். ஜின்னின் வேலை என்று சிலர் அஞ்சுவர். பல்கீயோ, தனிமையைத் தவிர்த்து நல்லோருடன் கூடியிருப்பதையும், ஓயாது ஏதேனும் பணியில் ஈடுபடுவதையும், வந்து மோதும் எண்ணத்தை மற்றோர் எண்ணத்தால் எதிர்ப்பதையும் மருந்தாகக் கூறுகிறார்.

இந்நூலின் கையெழுத்துப் பிரதிகள் இஸ்தான்பூலில் அயாசோஃபியா நூலகத் தொகுப்பில் உறங்கிக் கிடந்தன. 1984இல் ஃபுவாத் ஸெஸ்கின் பிராங்க்பர்ட் நகரிலிருந்து அவற்றை நகற்பதிப்பாக வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ, உள்ளம் பற்றிய பாகத்தை ஆங்கிலமாக்கி 2013இல் தந்தார். இடைக்காலத்தில் நம் மூதாதையர் நூலை மறந்தாலும் அதன் கருத்தை முற்றும் மறக்கவில்லை. 1154இல் திமிஷ்கிலும், 1284இல் கெய்ரோவிலும், 1354இல் அலெப்போவிலும் எழுந்த மருத்துவ நிலையங்கள் மனநோயாளருக்கும் இடமளித்தன. அலெப்போ நிலையத்தின் முற்றங்களில் ஓடிய நீரின் ஒலியும் மருந்தாகக் கருதப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். தேன்கனிக்கோட்டை, 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருநாடக எல்லையை ஒட்டிய மலைச்சாரல் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும். ராகியும் காய்கறியும் விளைவித்த இவ்வட்டாரத்தின் நாட்பொழுதைக் கதிரவனும் பாங்கொலியும் கோயில் மணியுமே வகுத்து வந்தன. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980களில் வண்டித் தொழிற்சாலைகள் வந்தன. 1987இல் டைட்டன் கைக்கடிகாரங்கள் அங்கே உருவாகத் தொடங்கின. உலகிற்கே நேரம் காட்டும் ஊராகிவிட்ட ஓசூரில், தொழிலாளியின் நேரம் மட்டும் அவன் கையில் இல்லை. வாரத்திற்கு வாரம் மாறும் ஷிப்டு அவனை ஆள்கிறது. ஓசூர் மட்டுமன்றி எல்லைக்கு அப்பால் பொம்மசந்திரா, ஜிகணி வரையிலும் நம் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் செல்கின்றனர். பணம் வருகிறது, வீடு எழுகிறது. இதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இரவுப் பணி முடித்துப் பஜ்ருக்குப் பின் வீடு திரும்பும் மகன் உறங்கப் போகையில், பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுகிறது, தொலைக்காட்சி பேசுகிறது. இரு வேளை உணவுக்கும் அவன் தனியே அமர்கிறான். மூன்று மாதம் கழித்து நெஞ்சு படபடக்கிறது, தலை வலிக்கிறது, யாரைக் கண்டாலும் எரிந்து விழுகிறான். நான்கு மொழி பேசும் ஊரிலும் உள்ளத்தின் வருத்தத்தை உடலின் நோவாகவே எல்லோரும் சொல்கிறார்கள்.

பல்கீ உறக்கத்தை உடற்பாகத்தில் வைத்தார் என்றோம். உடல் வருந்தினால் உள்ளம் வருந்தும், உள்ளம் வருந்தினால் உடல் வருந்தும் என்பது அந்நூல் முழுவதற்கும் அடிப்படை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஷாவுக்குப் பின் வீண்பேச்சை விரும்பவில்லை என்பதையும், நண்பகல் சிறுதுயிலான கைலூலா நம் மரபில் இடம் பெற்றதையும் அனைவரும் அறிவர். கைப்பேசி ஒளியில் நள்ளிரவு வரை விழித்திருக்கும் இக்காலத்தில் அவ்வழக்கங்களின் அருமை கூடுகிறது. இரவுப் பணியாளன் இருக்கும் வீட்டில் பகல் பதினொரு மணியை மற்றவர்கள் இரவாகக் கருதி ஓசையடக்கி நடந்துகொள்வதும், வாரத்தில் ஒரு நாளேனும் அவன் கண்விழிக்கும் நேரத்திற்குக் குடும்பத்தின் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்வதும் செலவில்லாத காரியங்கள். தாய்மார்கள் மனம் வைத்தால் இயலும். ஆனால் அத்தாயின் உறக்கத்தை யார் காக்கிறார்கள்? ஒரு மகன் காலை ஷிப்டும் மற்றவன் இரவு ஷிப்டுமாக இருக்கும் வீட்டில் அவளுக்கு இருபத்து நான்கு மணியும் ஷிப்டுதான். பல்கீ சொன்ன தாங்குதிறன் அளவை அவளுக்கும் பொருந்தும். வீட்டு ஆண்கள் அதைச் சிந்திக்கட்டும்.

அன்றாடப் பழக்கங்கள் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. நோய் முற்றினால் மருத்துவர் வேண்டும். இங்கே கசப்பான வரலாறு ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் இல்லம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். நேர்ச்சையும் துஆவும் நம்பிக்கை சார்ந்தவை. சங்கிலியோ எந்த மார்க்கத்திலும் மருந்தன்று. முற்றத்து நீரோசையால் நோயாளரைத் தேற்றிய சமுதாயத்தின் பெயரால் அது நடந்ததே என்பதுதான் நம் வேதனை. 2017இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்தது.

தேன்கனிக்கோட்டை மக்கள் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பைத்தியக்கார விடுதி என்ற பெயரில் தொடங்கி, 1925இல் மனநல மருத்துவமனையாகி, 1974இல் இன்றைய தேசிய நிலையமாயிற்று. அதன் மருத்துவர்கள் 1970களின் நடுவில், நம் தளி எல்லைக்கு அப்பாலுள்ள ஆனேக்கல் வட்டத்தின் சக்கலவாராவில் கிராமப்புற மனநல மையம் அமைத்து, நோயாளரை அவர்தம் வீடுகளிலேயே கண்டு பழகினர். பெரிய மதில்களுக்குள் அடைக்காமல் ஊரிலேயே, குடும்பத்தின் நடுவிலேயே மருத்துவம் செய்யலாம் என்ற கொள்கைக்கு அத்தகைய அனுபவங்கள் வலுவூட்டின. 1982இல் நடுவண் அரசின் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். இரவு ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் வேளையிலும் பேசலாம்.