பேரண்டத்தின் கதையைக் கடைசியிலிருந்து சொல்வது

பேரண்டத்தின் தோற்றம் பற்றித் தமிழில் பொதுவாசகருக்கென எழுதப்படும் கட்டுரைகளின் முதல் வரியை ஊகிக்கப் பெரிய திறமை வேண்டாம். 'சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு' என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். அடுத்து ஒரு புள்ளி, ஒரு வெடிப்பு; பிறகு துகள்கள், அணுக்கள், விண்மீன்கள், சூரியன், பூமி, டைனோசர், மனிதன். வரலாறு என்றால் கால வரிசைப்படிதானே சொல்ல வேண்டும் என்று தோன்றும். அந்த வரிசையே இத்துறையைத் தமிழ் வாசகர் புரிந்துகொள்ளத் தடையாக இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்த இடத்தில் கதை தொடங்குகிறது. நன்றாகத் தெரிந்த இடத்தில் முடிகிறது. முதல் பத்தியை வாசகர் நம்பிக்கையின் பேரில் ஏற்றாக வேண்டும். அப்படி ஏற்றுக்கொண்டவர் பத்தாவது பத்தியில் மட்டும் எதற்காகச் சான்று கேட்கப்போகிறார்? இன்று தொலைநோக்கியில் தெரிவதில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே சரியான வழி. அதற்கு வேண்டிய பொருள் சென்னையிலேயே கிடைக்கிறது.

கால வரிசை இங்கே இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. மயிலாப்பூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கோ சிராத்தத்துக்கோ போய் உட்கார்ந்தவர் சங்கல்பத்தைக் கேட்டிருப்பார். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, அதில் சுவேத வராக கல்பம், அதில் ஏழாவது மன்வந்தரம், அதில் இருபத்தெட்டாவது கலியுகம் என்று படிப்படியாக இறங்கி வந்து அன்றைய திதியில் நிற்கும். ஒரு கல்பத்துக்கு 432 கோடி ஆண்டுகள். இதைக் காதில் வாங்கி வளர்ந்தவரைக் கோடிகளைச் சொல்லி மலைக்கவைக்க முடியாது. உலகுக்கு வயது ஆறாயிரம் என்று நம்பிவந்த ஐரோப்பியச் சமூகத்துக்கு நீண்ட காலம் என்பதே அதிர்ச்சியாக இருந்தது. அந்த அதிர்ச்சியைக் கருதி எழுதப்பட்ட நூல்களின் உத்தியை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு, பாதிப் பக்கங்களைப் பிரமிப்பூட்டுவதில் செலவிடுகிறோம். நம் வாசகருக்குக் குறைவது பிரமிப்பு அல்ல. 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கான பதில்.

பதில் இல்லாத இடத்தில் ஒப்புமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூமியின் வயது 454 கோடி, கல்பம் 432 கோடி, பார்த்தீர்களா என்று கேட்பார்கள். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியும் பரிபாடலும் இதே சாட்சிக்கூண்டில் ஏற்றப்படுகின்றன. கார்ல் சேகன் தம் 'காஸ்மோஸ்' தொடரின் பத்தாம் பகுதியில் இந்து மரபின் கால அளவுகள் இன்றைய அறிவியலின் அளவுகளோடு ஒத்திருப்பதாகச் சொன்னார். அது தற்செயல் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்தே சொன்னார். நம் மேடைகளில் அந்த வாக்கியத்தின் பாதிதான் எடுபடுகிறது.

அறிவியல் தரும் வயதுக்கும் கல்பத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. எட்வின் ஹபிள் 1929இல் தந்த விரிவு வீதத்தை வைத்துக் கணக்கிட்டால் பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகள் அளவில்தான் வந்தது. பாறைகளின் கதிரியக்கத்தை அளந்தவர்கள் பூமிக்கே அதைவிட வயது அதிகம் என்றார்கள். பிள்ளைக்குத் தாயைவிட வயது கூடிவிட்ட இந்தச் சங்கடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தொலைவை அளக்கப் பயன்பட்ட செஃபீடு விண்மீன்களில் இரு வகைகள் கலந்துகிடந்ததை வால்டர் பாடே 1952இல் காட்டியபோது தொலைவுகள் இரட்டித்தன, வயதும் இரட்டித்தது. திருத்தம் அதோடு நிற்கவில்லை. இன்றைய எண் 1,379 கோடிக்கு மிக அருகில் இருக்கிறது. அதில் இரண்டு கோடி கூடலாம், குறையலாம். கல்பத்துக்கு இப்படி ஒரு திருத்தம் நேர வாய்ப்பே இல்லை. அது அளந்து வந்த எண் அல்ல.

எல்லாம் விரிகிறது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். சனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியில், புள்ளி வைத்த தரை முழுவதும் ஒரே சீராக இழுபடுவதாக வைத்துக்கொள்வோம். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகிப்போகும். இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் புள்ளி இரண்டு மடங்கு வேகத்தில் விலகும். ஹபிள் கண்ட உறவு இதுதான். தரைக்கு நடு என்று ஓர் இடம் தேவைப்படவில்லை. ஒரு புள்ளியிலிருந்து எல்லாம் சிதறியது என்ற படத்தை இதற்குப் பிறகு வாசகரே கைவிட்டுவிடுவார்.

அடுத்த சான்றுக்கு நுங்கம்பாக்கம் போவோம். இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் மதராஸ் வானாய்வுக்கூடம் அமைந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழி எழுத்துகளோடு இன்னும் நிற்கிறது. 1861 முதல் அதன் பொறுப்பில் இருந்த நார்மன் போக்சன், 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க மசூலிப்பட்டணம் போனார். பிரெஞ்சுக்காரரான ஜான்சன் குண்டூரில் இருந்தார். இரண்டு ஊர்களும் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. சூரியனின் விளிம்பில் எழுந்த தீச்சுடர்களின் நிறமாலையில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன; அவற்றில் ஒன்று மஞ்சள். சோடியம் என்று எண்ண இடம் இருந்தது. ஆனால் அது சோடியத்தின் இடத்தில் சரியாக விழவில்லை என்பது அடுத்த மாதங்களில், முக்கியமாக இங்கிலாந்தில் நார்மன் லாக்யரின் அளவீடுகளால், உறுதியானது. சூரியனின் பெயரையே வைத்து ஹீலியம் என்றார்கள். பூமியில் அது கையில் அகப்பட 1895 ஆயிற்று.

இந்தக் கதை நம் செய்தித்தாள்களில் வராமல் இல்லை. கிரகணம் வந்தால் இதுவும் வரும், ஹீலியம் கண்டுபிடிப்போடு நின்றும்விடும். பேரண்டத்தின் தோற்றத்துக்கு அது தரும் சான்று அதன் பிறகுதான் வருகிறது. விண்வெளியில் எங்கே பார்த்தாலும் சாதாரணப் பொருளின் நிறையில் ஏறக்குறைய கால் பங்கு ஹீலியம். மற்ற கனமான தனிமங்கள் மிகக் குறைவாக உள்ள பழைய, சிறிய விண்மீன் மண்டலங்களில்கூட அது 24 சதவீதத்துக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. விண்மீன்கள் ஹைட்ரஜனை எரித்து ஹீலியம் ஆக்குகின்றன என்பது உண்மை. ஆனால் இன்றைய ஒளியளவில் ஆயிரம் கோடி ஆண்டுகள் எரித்திருந்தாலும் சில சதவீதம்தான் தேறும். மீதி எங்கிருந்து வந்தது? ஃபிரெட் ஹாயிலும் ரோஜர் டெய்லரும் 1964இல் இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டார்கள். பெருவெடிப்புக் கொள்கையை ஒருநாளும் ஏற்காத ஹாயிலே அதற்கு வலுவான சான்றைத் தேடித் தந்தார் என்பது தனிச் சுவை.

விடை பள்ளிக் கணக்குதான். பேரண்டம் ஒரு காலத்தில் நூறு கோடி பாகை வெப்பத்தில் இருந்திருந்தால், அந்தக் கட்டத்தில் ஒரு நியூட்ரானுக்கு ஏழு புரோட்டான் என்ற விகிதம் வரும் என்று அணுக்கரு இயற்பியல் சொல்கிறது. 2 நியூட்ரான், 14 புரோட்டான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 16. இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானோடு சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகின்றன. அதன் நிறை 4. பாக்கி 12 ஹைட்ரஜன். பதினாறில் நான்கு, கால் பங்கு. ஆய்வகத்தில் அளந்த எண்களிலிருந்து வந்த கணக்கும் வானில் அளந்த எண்ணும் ஒன்றாகிவிடுகின்றன. 'முதல் மூன்று நிமிடம்' என்று எழுதும்போது அது யாரோ பார்த்து எழுதியதுபோல் ஒலிக்கிறது. ஹீலியத்தின் கால் பங்கை முன்னால் வைத்துவிட்டு அங்கே போனால், அந்த மூன்று நிமிடம் தவிர்க்க முடியாத முடிவாக வருகிறது. இதே கணக்கு லித்தியத்தில் இடறுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. கணக்கு சொல்வதில் மூன்றில் ஒரு பங்குதான் பழைய விண்மீன்களில் தெரிகிறது.

விரிவை அளக்கும் வழிக்கும் சென்னைத் தொடர்பு உண்டு. மயிலாப்பூரில் வளர்ந்த வானியற்பியலாளர் சந்திரசேகரைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். லண்டனில் 1935 சனவரி 11 அன்று வானியலாளர் எடிங்டன் அவரை அவையில் கேலி செய்ததுதான் அவற்றில் பெரும்பகுதி. அவமதிப்பும் பின்னால் 1983 நோபல் பரிசும் நல்ல கதை, சந்தேகமில்லை. அவர் கணக்கிட்டது என்ன என்பது மட்டும் அதில் காணாமல் போய்விடுகிறது. மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த அவர், 1928இல் சென்னை வந்த ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டை விடுதியில் போய்ப் பார்த்தார். நீ படித்த குவாண்டம் இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், எலெக்ட்ரான்கள் பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அங்கே கற்ற முறையை இரண்டு ஆண்டுகள் கழித்து, 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து போகும் கப்பலில் வெண்குறுமீன்களுக்குப் பயன்படுத்தினார். எரிபொருள் தீர்ந்த விண்மீனை நசுங்காமல் தாங்குவது நெருக்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம். நிறை கூடக்கூட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. அதற்குமேல் அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

பக்கத்து விண்மீனின் பொருளை உறிஞ்சி இந்த எல்லையை நெருங்கும் வெண்குறுமீன் முழுவதுமாக வெடித்துவிடுகிறது. எரியும் சரக்கு ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் வெடிப்பின் ஒளியும் ஏறக்குறைய ஒரே அளவு. ('ஏறக்குறைய' முக்கியம். எல்லா வெடிப்பும் எல்லையில் நிகழ்வதில்லை. இரு வெண்குறுமீன்கள் மோதியும் நிகழலாம். ஒளி மங்கும் வேகத்தைக் கொண்டு அளவைச் சரிசெய்துகொள்கிறார்கள்.) உண்மை ஒளி தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவு வந்துவிடும். 1998இல் இரண்டு குழுக்கள் இப்படி அளந்தபோது தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு வேகம் குறைந்துவரவில்லை, கூடிவருகிறது என்பது அதன் பொருள். மங்கல் எவ்வளவு? கால் ஒளித்தரம் அளவு. ஒளித்தரம் என்ற அந்த அளவுகோலை இன்றைய வடிவில், ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று, 1856இல் வகுத்தவர் பின்னாளில் நுங்கம்பாக்கத்துக்கு வந்த அதே போக்சன். சந்திரசேகர் 1995இல் காலமாகிவிட்டார், இதைப் பார்க்கவில்லை. ஆகவே பேரண்டத்தின் விரைவு விரிவை அவரே கண்டதுபோல் பேசுவது மிகை.

மூன்றாவது சான்றான நுண்ணலைப் பின்னணியைப் பற்றி மற்றவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். 1965இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்தது; இன்றைய அளவீட்டில் தனிப்பூச்சியத்துக்கு 2.7 பாகை மேலே. பேரண்டம் 3,80,000 ஆண்டு வயதில் தெளிந்தபோது கிளம்பிய ஒளி. மொட்டைமாடி ஆன்டெனா காலத்தில் சென்னைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி முடிந்தபின் திரையில் பறந்த வெள்ளைப் பூச்சிகளில் ஒரு சிறு பங்கு அந்த ஒளிதான் என்பதை மட்டும் சேர்க்கலாம்.

இப்படித் தலைகீழாகச் சொன்னால் பொதுவாசகர் தாங்குவாரா என்ற மறுப்பு வரும். இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க்கின் 1977ஆம் ஆண்டு நூலின் பெயரே 'முதல் மூன்று நிமிடங்கள்'. ஆனால் அந்த நிமிடங்கள் ஐந்தாம் அதிகாரத்தில்தான் வருகின்றன. அதற்கு முன் விரிவையும் நுண்ணலைப் பின்னணியையும் பொறுமையாக நிறுவுகிறார். வட ஐரோப்பாவின் நார்ஸ் பழங்கதை ஒன்றில் வரும் உலகத் தோற்றத்தை முதலில் சொல்லி, அது ஏன் போதாது என்பதிலிருந்து தொடங்குகிறார். சங்கல்பம் தெரிந்த வாசகருக்கு நாமும் அப்படித் தொடங்கலாம். அந்த நூல் உலகெங்கும் விற்றது. இங்கேயும் கேட்பவர் இல்லாமல் இல்லை. சந்திரசேகர் 1962 சனவரி 3 அன்று தொடங்கிவைத்த, இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், 2016 முதல் மியூசிக் அகாதமியில் 'சயின்ஸ் அட் த சபா' நடத்திவருகிறது. ராக ஆலாபனைக்குப் பழகிய மண்டபத்தில் அறிவியல் உரைகளை வரிசையாக உட்கார்ந்து கேட்கிறார்கள். உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதுதான் குறை. கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கம் 1988 முதல் தமிழிலும் வானத்தைக் காட்டுகிறது. இருட்டுக் குவிமாடத்தின் அடியில் எந்த ஊரிலும் கதைதான் எடுபடும்; கணக்கு எடுபடாது. பதினாறில் நான்கைக் காகிதத்தில்தான் காட்ட வேண்டும். அது எழுத்தாளரின் வேலை. வழக்கறிஞராக இருந்துகொண்டே 1917 முதல் தமிழில் அறிவியல் எழுதிய பெ. நா. அப்புசாமிக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆட்கள் அவ்வப்போதுதான் கிடைக்கிறார்கள்.

பின்னோக்கி வரும் வாசகர் கடைசியாகத் தொடக்கத்தை அடைவார். அங்கே அவருக்குக் கொடுக்க நம்மிடம் இருப்பது ஊகங்கள். ஆலன் கூத் 1981இல் முன்வைத்த திடீர் வீக்கம் பல சிக்கல்களைத் தீர்க்கிறது. நேரடிச் சான்று இன்னும் இல்லை. அதற்கும் முந்திய கணத்துக்குச் சார்பியலும் குவாண்டமும் இணைந்த கோட்பாடு தேவை. அப்படி ஒன்று உறுதிப்படவில்லை. பக்கத்தில் இருக்கும் இன்றைய எண்ணும் தீரவில்லை. நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்டால் விரிவு வீதம், வழக்கமான அலகில், 67 அல்லது 68; செஃபீடுகளையும் வெண்குறுமீன் வெடிப்புகளையும் படியாக வைத்து அளந்தால் 73. மற்றவை மாறாதிருந்து 73 சரியென்றானால் பேரண்டத்தின் வயதில் நூறு கோடி ஆண்டு குறையும். இரு சான்றுகளையும் தனித்தனியே பின்தொடர்ந்து வந்தவருக்கு, இந்த ஐந்தாறு எண் வித்தியாசத்துக்காக ஏன் விண்கலங்களை அனுப்புகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.