கனகராயன்குளத்தில் நின்ற பஸ்

2002 ஜூலையில் ஏ-9 பாதை வழியாக யாழ்ப்பாணம் போனபோது எங்கள் பஸ் கனகராயன்குளத்தில் நின்றுவிட்டது. டயர் வெடித்திருந்தது, மாற்று டயரிலும் காற்றில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியிலேயே அரைநாள் போயிருந்தது. சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் இறைத்தது. 1997 முதல் 1999 வரை ஜயசிக்குறு நடவடிக்கையும் அதன் பின்னரான மோதல்களும் நடந்து ஓய்ந்த மண். ஒழுங்கான கூரையுடன் ஒரு கட்டடம் கண்ணில் படவில்லை. ஒதுங்கப் போவோரை, பாதையை விட்டு இறங்கவேண்டாம், மிதிவெடி இருக்கும் என்று நடத்துனர் கத்தித் தடுத்துக்கொண்டிருந்தார்.

கிடுகு வேய்ந்த தேநீர்க் கடை ஒன்று இருந்தது. கடைக்கார ஐயா பிளேன்டீயை ஆற்றியபடி கேட்டார்: "தம்பி எந்த ஊர்?"

இந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு வருடமாக என்னிடம் இரண்டு விடைகள் இருந்தன. எதைச் சொல்வதென்று தீர்மானிக்குமுன் வேறு யாரோ சீனி கேட்டார்கள். நான் தப்பித்துக்கொண்டேன்.

வாங்கில் அமர்ந்து, பயணத்தில் வாசிக்கவென்று கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்தேன். லெனார்ட் வுல்ஃப் இலங்கையில் சிவில் சேவையில் இருந்த ஏழாண்டுகளை நினைவுகூர்ந்து 1961இல் வெளியிட்ட 'குரோயிங்'. அவர் 1904 டிசம்பரில் கொழும்பில் வந்திறங்கியபோது வயது 24. கூடவே வால்தேரின் நூல்கள் 90 தொகுதி. சார்ள்ஸ் என்றொரு நாய். நியமனம் யாழ்ப்பாணக் கச்சேரியில். அப்போது வடக்கு ரயில் பாதை முழுமையடையவில்லை, அனுராதபுரத்துடன் நின்றது. மறுபுறம் யாழ்ப்பாணத்திலிருந்து பளை வரை வந்திருந்தது. இடையில் கிடந்த காட்டைத் தபால் வண்டியில் கடக்கவேண்டும். 'மெயில் கோச்' என்ற அதன் பெயரைக் கேட்டுக் குதிரைகளை எண்ணிவிடக் கூடாது, சாதாரண மாட்டுவண்டிதான். அடியில் தபால் மூட்டைகள், மூட்டைகளின் மேல் பயணிகள். கேம்பிரிட்ஜில் படித்த துரை, பிறருடைய கடிதங்களின் மேல் படுத்துக் குலுங்கியபடி 1905 ஜனவரியில் போன பாதை, எங்கள் டயர் வெடித்த இதே பாதை. அவ்வாண்டு ஆகஸ்டில் ரயில் முழுத் தூரமும் ஓடத் தொடங்கியது. ஏழு மாதம் பொறுத்திருந்தால் சௌகரியமாகப் போயிருப்பார். நமக்குத்தான் அந்தப் பக்கங்கள் கிடைத்திரா.

அந்நிய நாட்டில் படும் சின்னச் சின்ன அவதிகளை எழுதுவதற்கு ஒரு தனிக் கை வேண்டும். 1344இல் புத்தளம் வந்திறங்கிய இப்னு பதூதாவிடம் அது இருந்தது. பாவாத மலைக்குப் போன கதையில், அட்டை கடித்தால் எலுமிச்சம் புளியைப் பிழிந்துவிடும் வழக்கத்தையும் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். வுல்ஃபிடமும் அந்தக் கை உண்டு. கொழும்பு வீதியில் வெள்ளை வேட்டியுடன் நின்ற ஒருவரைச் சார்ள்ஸ் விளக்குக் கம்பமென்று நினைத்துக் காரியம் முடித்ததை அவர் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. வேட்டிக்காரர் அந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பார் என்ற யோசனை சிரித்த பிறகுதான் வரும்.

அவருடைய உண்மையான கோடை 1906இன் முற்பகுதியில், மன்னார்க் கரையின் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பு. வெறும் மணலில் சில வாரங்களில் ஒரு நகரம் முளைத்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளிப்போர். ஏறத்தாழ பாதிப்பேர் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள், மீதிப்பேர் தமிழரும் சோனகரும். கரை சேர்ந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவனுக்கு. முத்தெடுப்பதற்காகச் சிப்பியை அழுகவிடுவார்கள். அந்த நாற்றமும் ஈயும் வெயிலும் தூக்கமில்லாத இரவுகளும் வுல்ஃபைப் படுத்தியிருக்கின்றன. ஆனாலும் அவர் அரபிகளை விரும்பினார். துரை என்று ஒதுங்காமல் மனிதனை மனிதனாக அவர்கள் நடத்திய விதம் அவருக்குப் பிடித்திருந்தது. அங்கே இறந்துபோன அரபி ஒருவரின் சாவையும், அப்போது காதில் விழுந்த 'கலாஸ்' என்ற சொல்லையும் அவர் மறக்கவில்லை. முடிந்தது என்று பொருள்.

அந்தச் சொல் எனக்கும் பழக்கம். புத்தளத்து அகதி முகாமிலிருந்து நான் வளைகுடாவுக்குப் போய் மூன்று கோடைகளைக் கழித்தவன். அங்கே சம்பளம் போட்டாலும் கலாஸ், வேலை போனாலும் கலாஸ். முதல் கோடையில் குளிக்கப் போய்த் தோளைச் சுட்டுக்கொண்டேன். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கிடந்து கொதிப்பதால் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வருவது வெந்நீர். ஹீற்றரின் சுவிட்சை அணைத்துவிட்டால் உள்ளே தேங்கிய நீர் அறையின் குளிருக்கு ஆறிக் கிடக்கும். ஆகவே குளிர்நீர் வேண்டுமானால் சிவப்புக் குழாயைத் திருக வேண்டும். ஒரு மலையாளி நண்பர் இந்த ரகசியத்தைச் சொல்லித் தந்த நாளின் குளிப்பைப்போல் சுகமான குளிப்பு பிறகு வாய்க்கவில்லை. வளைகுடாவில் பெரிய முத்துக்குளிப்புக் காலமும் கோடைதான். அது தொடங்குமுன் கிடைத்த மாதங்களில் அவர்கள் நம் கடலுக்குப் பிழைக்க வந்தார்கள். பின்னர் எண்ணெய் வந்தது. நாங்கள் அங்கே போனோம்.

ஆனால், ஊருக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் குழாய்க் கதையை நான் எழுதியதில்லை. முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் உம்மாவுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? வுல்ஃபின் அவதிகள் கதையாக வாய்த்ததற்கு அவருடைய எழுத்துத் திறன் மட்டும் காரணமல்ல. 1911இல் விடுமுறையில் இங்கிலாந்து போனார். வேலையை விட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1960இல் விருந்தாளியாக ஒருமுறை வந்து பார்த்தார். விட்டுவந்த வீடு அவருக்கு எப்போதும் இருந்தது. அவர் அரபிகளைக் கண்ட மறிச்சுக்கட்டியின் முஸ்லிம்களும், யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்த நாங்களும், வடபுலத்தின் ஏனைய முஸ்லிம்களுமாகச் சுமார் 75,000 பேர் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் தந்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நானும் லொறியில் வன்னிக் காட்டைக் கடந்தேன். மடியில் தங்கை மகன் உறங்கினான். எந்த ஊரைக் கடக்கிறோமென்று பார்க்கவில்லை.

டயருக்கு ஒட்டுப்போட மூன்று மணித்தியாலம் சென்றது. ஐயா தேநீருக்குப் பிறகு ஒரு கைப்பிடி பாலைப்பழம் தந்தார். பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், பேசுவது சிரமம். அதைப் பார்த்து அவர் சிரித்தார். "நாங்களும் ஓடி ஓடி இப்பதான் வந்திருக்கிறம் தம்பி. கூரை இன்னும் போடேல்ல" என்றார்.

பஸ் ஹோர்ன் அடித்தது. காசை நீட்டினேன். பழத்துக்கு எடுக்க மறுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்டார்: "எந்த ஊர் எண்டு சொல்லேல்லையே?"

"சோனகதெரு" என்றேன். உதடு ஒட்டியிருந்ததால் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.