இடைச் சித்திரங்களை வரைந்தவர்கள்

இந்தியக் கார்ட்டூன் படங்களின் வரலாறு என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 'முதல்'களின் பட்டியல்தான். ஒலியோடு வந்த முதல் படம் எது, தமிழில் முதல் எது, நிறத்தில் முதல் எது. 1934-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸிலிருந்து வந்த குணமய் பானர்ஜியின் 'பீ பிரதர்ஸ்', 1947-ல் ஜெமினி ஸ்டூடியோவின் 'சினிமா கதம்பம்' என்று கல்வெட்டு வரிசை மாதிரி அடுக்கிக்கொண்டே போகலாம். ராஜாக்கள் பேரையும் பட்டத்துக்கு வந்த வருஷத்தையும் ஒப்பித்துவிட்டு வரலாறு படித்தாயிற்று என்று சொல்லும் பள்ளிக்கூடப் பழக்கத்தின் தொடர்ச்சி இது. எத்தனை தாள், யார் கை, தாளுக்கு என்ன கூலி என்ற கேள்விகள் இந்தக் கதையாடலுக்குள் நுழைவதே இல்லை.

சொல்லிலிருந்து தொடங்கலாம். 'கேலிச்சித்திரம்' பத்திரிகைக்குப் போய்விட்டது. கலைச்சொல்லாக்கக்காரர்கள் 'அசைவூட்டம்' என்றார்கள். எங்க பக்கம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், சனங்க 'பொம்மைப் படம்' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பாமரச் சொல்தான் சரியாகப் படுகிறது. 'அசைவூட்டம்' என்றதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, அசைவு என்ற ஒன்று எங்கோ தயாராக இருப்பதாகவும், யாரோ ஒரு மேதை அதை எடுத்துப் படத்துக்கு ஊட்டுவதாகவும் ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. நடப்பது அதுவல்ல. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகம். ஒரே சித்திரத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்தால்கூட நொடிக்கு 12 சித்திரம் வேண்டும். கை மேலே போவதற்குத் தொடக்கம் ஒரு சித்திரம், முடிவு ஒரு சித்திரம். இந்த இரண்டும் முதன்மைச் சித்திரங்கள். நடுவில் உள்ளவை எல்லாம் இடைச் சித்திரங்கள். பார்ப்பவன் கண்ணுக்கு அசைவாகத் தெரிவது பெரும்பாலும் இந்த இடைச் சித்திரங்கள்தான். பேர் கிடைப்பதோ முதன்மைச் சித்திரம் போட்டவனுக்கு.

இந்தப் பிரிவினை கலையின் இயல்பிலேயே இருந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். அது ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் வந்தது. 1914-ல் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தார். பின்னணியில் இருக்கும் மலையையும் தண்ணீரையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்று ஒரு இளைஞர் துணை. இரண்டே பேர். அதே 1914-ல்தான் எர்ல் ஹர்ட் கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு தாளில் அசையும் உருவத்தை மட்டும் வரைந்து, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பின்னணி ஒருவருக்கு, உருவம் ஒருவருக்கு, இடைச் சித்திரம் ஒருவருக்கு, மை போடுவது ஒருவருக்கு, வண்ணம் ஒருவருக்கு என்று வேலையைத் துண்டாக்க இது வழி திறந்துவிட்டது. மில் ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க மார்க்ஸ் தேவையில்லை. பஞ்சு உடைக்கிற இடத்தில் நிற்பவர் நூலைப் பார்ப்பதில்லை, நூல் பார்ப்பவர் துணியைப் பார்ப்பதில்லை.

டிஸ்னி ஸ்டூடியோ இந்தத் துண்டாக்கலின் உச்சம். மை போடுவதும் வண்ணம் தீட்டுவதும் தனிப் பகுதி, அதில் பெரும்பாலும் பெண்கள். 1937-ல் 'ஸ்னோ ஒயிட்' குவித்த பணம் ஊருக்கே தெரியும். 1941 மே 29-ல் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பள ஏற்றத்தாழ்வு, திரையில் பேர் போடாதது, சங்கம் வைக்கும் உரிமை, எல்லாம் அதில் இருந்தது. வாசலில் நின்றவர்கள் தாங்களே வரைந்த அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் ரொம்ப நாளைக்குப் பிறகு முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை தாங்களே போட்ட சித்திரம் அந்த அட்டையாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். 1931-லேயே வால்டர் பெஞ்சமின் மிக்கி மௌஸ் பற்றி ஒரு துண்டுக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஒருவனுடைய கையை, உடம்பையேகூட அவனிடமிருந்து திருடிவிட முடியும் என்பதை இந்தப் படங்களில்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம் என்பது அதன் சாரம். சொத்துறவு பற்றிய குறிப்பு அது. அவர் பேசியது திரையில் நடப்பதை. திரைக்குப் பின்னால் இருந்த மேசைகளுக்கும் அது பொருந்துகிறது.

இந்த முறைதான் 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு அமெரிக்கத் தொழில்நுட்ப உதவி என்ற பேரில் வந்து சேர்ந்தது. வந்தவர் கிளேர் வீக்ஸ். இந்தியாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, டிஸ்னியில் 'பாம்பி'யில் வேலை பார்த்தவர். அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் ராம் மோகனும் ஒருவர். பயிற்சியில் விளைந்த முதல் படம் 1957-ல் வந்த 'பேன்யன் டீர்'. அமெரிக்க மானை வரைந்தவர் சொல்லிக்கொடுக்க, மாணவர்கள் ஜாதகக் கதை மானை வரைந்தார்கள். அந்தக் கதை என்ன? ராஜாவின் அடுக்களைக்குத் தினமும் ஒரு மான் முறைவைத்துப் போக வேண்டும். சினையான ஒரு பெண்மானின் முறை வருகிறபோது மான்களின் தலைவன் அதற்குப் பதிலாகத் தன் தலையைக் கொண்டுபோய் வைக்கிறது. யார் முறைக்கு யார் தலை கொடுப்பது என்ற கதையை முறைவைத்து வேலை பார்க்கும் வரிசை ஒன்றில் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் குடும்பக் கட்டுப்பாடு மாதிரியான அரசுப் போதனைகளுக்கு அந்தப் பிரிவு படம் செய்தது. இங்கே கார்ட்டூன் மாணவனின் கைக்கு வருவதற்கு முன்பே அரசாங்கத்தின் வாய்க்குப் போய்விட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு மாணவர் இருக்கிறார். நார்மன் மெக்லாரன், 1930களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ கலைப்பள்ளி. கேமரா வாங்கக் காசில்லை. தேய்ந்துபோன பழைய ஃபிலிம் சுருள் ஒன்றை வாங்கி, குளிக்கும் தொட்டியில் ஊறப்போட்டு, மேலே இருந்த படத்தை எல்லாம் கழுவி எடுத்துவிட்டு, வெறும் ஃபிலிமின் மேல் வண்ண மையால் நேரடியாக வரைந்தார். கேமரா இல்லை, செல்லுலாய்டு அடுக்கு இல்லை, இடைச் சித்திரம் போட ஆள் இல்லை. டூரிங் டாக்கீஸ் வாசலில் ஃபிலிம் துண்டு பொறுக்கி, எச்சில் தொட்டுத் தேய்த்து, 'இதுல சிவாஜி போயிட்டார்லே' என்று சிரித்த பயல்கள் எங்க ஊரில் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கும் மெக்லாரனுக்கும் நடுவில் இருந்தது ஒரு குப்பி மைதான். 1936-ல் மாணவராக இருந்தபோதே ஹெலன் பிகர் என்ற சிற்பியோடு சேர்ந்து 'ஹெல் அன்லிமிடெட்' எடுத்தார், ஆயுத வியாபாரத்துக்கு எதிரான படம். அதே வருஷம் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்குப் படம்பிடிக்கப் போனார். கார்ட்டூன் குழந்தைகள் சமாச்சாரம் என்று நம்மூர் இடதுசாரி நண்பர்கள் ஒதுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், பெரிய பலன் இல்லை. பின்னால் யுனெஸ்கோ திட்டத்தில் 1950களின் தொடக்கத்தில் மெக்லாரன் இந்தியாவுக்கும் வந்து கற்றுக்கொடுத்தார். ஆனால் நமக்கு நிறுவனமாக நிலைத்தது அவர் வழி அல்ல, வீக்ஸ் வழி.

1936 என்றதும் எங்க ஊர்க்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய வருஷம் அது. அப்புறம் நூற்பாலைகள் பெருகின, ஊரின் கடிகாரமே ஷிப்ட் சங்காக மாறியது.

2016-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிக் குடும்பத்துப் பையன் ஒருவன் ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் வந்து படித்துக்கொண்டிருந்தான். அவன் தன் முதல் பொம்மைப் படத்தைச் செய்ததைக் கூட இருந்து பார்த்தேன். சிவகாசி அச்சகங்களில் ஒருபக்கம் அச்சாகிக் கழித்துப்போட்ட தாளைக் கிலோக் கணக்கில் வாங்கிவந்தான். (பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை அசையவைத்து ஒரு படம் செய்தார். அன்றைக்கு இந்தியாவில் இருந்த தீக்குச்சி பெரும்பாலும் ஜப்பானிலும் ஸ்வீடனிலும் இருந்து வந்தது. சிவகாசி தீப்பெட்டி அதற்குப் பிறகுதான்.) பலகையில் இரண்டு ஆணி, ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் போட்ட ஓட்டையில் தாளை அதில் மாட்டிக்கொள்வான். பழைய ஜன்னல் கண்ணாடி, கீழே ட்யூப் லைட். ஸ்டூலைக் கவிழ்த்து அதில் செல்போனைக் கட்டிப் படமெடுத்தான். பள்ளிப் பாடப்புத்தக ஓரத்தில் படம் வரைந்து சரசரவென்று புரட்டிக் கற்றுக்கொண்ட வித்தைதான் எல்லாம். அந்தப் புத்தக அட்டையின் முத்திரையில் இருப்பது எங்க ஊர்க் கோபுரமாக்கும் என்பான். மதுரைக்காரர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை என்பது வேறு கதை.

படத்தின் விஷயம், ஒரு பெண் கை அறுந்த நூலைச் சேர்ப்பது. அவ்வளவுதான். 4 நொடி, 48 சித்திரம். முதலில் விரல்கள் முடிச்சுப் போடுவதாக வரைந்திருந்தான். மில்லில் சைடராக இருந்த அவன் சித்தி தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முடிச்சு எதுக்குலே போடுதே? முடிச்சுப் போட்டா துணியில முட்டிக்கிட்டு நிக்கும். ஸ்பிண்டிலை நிப்பாட்டி, நூலைக் கொண்டுபோய் உருளை வாயில காட்டணும். வாற பஞ்சுல அதுவே பிடிச்சுக்கிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும் சித்தி?"

"நேரமா? நேரம் பாத்தா அடுத்த நூலு அறுந்துரும்."

அவர் வெறும் கையால் காற்றில் அதைச் செய்துகாட்டினார். அவன் பத்துப் பதினைந்து தடவை செய்யச் சொன்னான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மெதுவாகச் செய்ய வரவில்லை. வேகத்தில் மட்டுமே தெரிந்த அசைவு, நிறுத்தி நிறுத்திச் செய்தால் கைக்கே மறந்துபோகிறது. இரண்டு முதன்மைச் சித்திரங்களுக்கு நடுவே இருக்கும் வரலாறு என்று நான் சொல்வது இதைத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலை விடும் அந்தக் கணத்தில் ஒரு மூன்று சித்திரம் உண்டு. அந்த மூன்றை அவன் எத்தனை முறை கிழித்துப்போட்டான் என்று கணக்கில்லை. கடைசியில் வந்த கையில் விரல்நுனி கொஞ்சம் அதிர்கிறது, கோடு தாளுக்குத் தாள் ஒத்துப்போகாததால். தேர்ந்தவர்கள் அதைப் பிழை என்பார்கள். எனக்கு அது மில் ரிங் ஃப்ரேமின் அதிர்வு மாதிரியே இருந்தது. அழிக்காமல் விட்டது நல்லது.

முதன்மை, இடை, பின்னணி, படப்பிடிப்பு எல்லாம் ஒரே கை. மாணவனின் முதல் படத்தைப் பயிற்சி என்று தள்ளும் விமர்சகர்கள் கவனிக்க வேண்டியது, 1914-க்கு முந்தைய அந்த முழுமை இன்றைக்கு மிச்சம் இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதை. காசில்லாததால் வந்த முழுமை அது, புனிதப்படுத்த ஒன்றுமில்லை.

தலைப்பு அட்டையில் சித்தி பேரைப் போட நினைத்தான். "என் பேரு வேண்டாம்யா, வேலைக்குப் போணும்" என்று சொல்லிவிட்டார். 'கை' என்று மட்டும் எழுதினான்.

அந்தப் பையன் இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். வெளிநாட்டுத் தொடர் ஒன்றுக்கு இடைச் சித்திரமும், வேறு யாரோ போட்ட கோடுகளைச் சுத்தம் செய்வதும் வேலை. தாள் இல்லை, கண்ணாடித் திரையில் பேனா. ஒரு காட்சியின் நடுத்துண்டு மட்டும் அவனுக்கு வரும். கதை என்ன என்று கேட்டேன். "தெரியலண்ணே, எனக்கு வந்ததுல ஒரு நரி கதவைத் திறக்குது. உள்ளே என்ன இருக்குங்கறது வேற ஆள்கிட்ட இருக்கு" என்றான்.