கூலன்ட் கசிவு (லாரி எஞ்சின்)

டீசல் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம் வெளியேறும் பழுது. வெளிக்கசிவு, உட்கசிவு என இருவகைப்படும்.

வெளிக்கசிவு கண்ணுக்குத் தெரியும். கூலன்ட் காய்ந்த இடத்தில் நிறப்படிவு இருக்கும். ஆனால் விசிறிக் காற்று துளிகளைப் பின்னுக்கு அடிப்பதால், ஈரமான இடமே ஓட்டை என்று நம்பிவிடக் கூடாது. அதற்கு மேலும் முன்னும் தேட வேண்டும். வாட்டர் பம்பின் அடித்துளையில் ஒழுகினால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது. அத்துளையை அடைப்பவர்களும் உண்டு. நீர் பேரிங்கிற்குள் போகும், அவ்வளவுதான்.

எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் குறித்த அழுத்தத்தை (பெரும்பாலும் 1 பார் அளவில்) ஏற்றுவர். முள் இறங்கியும் வெளியே ஈரமில்லையெனில் உட்கசிவை ஐயுறலாம்.

எஞ்சின் ஆயில் பால் கலந்த டீயைப் போல வெளுத்தால் ஆயில் கூலர், ஹெட் கேஸ்கட், லைனர் ஓ-ரிங் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம். கூலன்ட் நேரடியாகத் தொடும் ஈர லைனர்களில் இன்னொரு தொல்லை உண்டு: எரிதலின் அதிர்வால் லைனரின் வெளிப்பரப்பில் குமிழிகள் தோன்றி உடைந்து, உலோகத்தைக் குழிகுழியாக அரித்து ஓட்டையாக்கும். காப்பு வேதிப்பொருள் இல்லாத வெறுந்தண்ணீரை ஊற்றினால் இந்த அரிப்பு விரைவுபடும். ஆயில் பேனைக் கழற்றி மீண்டும் அழுத்தம் ஏற்றினால், எந்தச் சிலிண்டரின் கீழ் சொட்டுகிறது என்பது பெரும்பாலும் புலப்படும். லைனரை மாற்றும்போது ஓ-ரிங்குகளும் புதிதாக வேண்டும். கலங்கிய ஆயிலையும் பில்டரையும் மாற்றாமல் எஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் கெடும்.