ஃபார்பிடன் எரர் வந்த கதை

ரூபி ஆன் ரெயில்ஸ் கற்க ஆரம்பிப்பவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. ஃபார்ம் நிரப்பி பட்டனைத் தட்டினால் 'ஃபார்பிடன் ஆட்ரிப்யூட்ஸ் எரர்' என்று வந்து நிற்கும். பி.காம் படிக்கிற எனக்கு இந்த எரரை விட இதன் கதைதான் சுவாரசியமாக இருந்தது மக்களே.

டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004-ல் ரெயில்ஸை வெளியிட்டார். பெரிய கவர்ச்சியே அதன் சுலபம்தான். ஃபார்மில் வந்த அத்தனையையும் ஒரே வரியில் டேட்டாபேஸில் போட்டுவிடலாம். இதற்கு மாஸ் அசைன்மென்ட் என்று பெயர். பேங்க் சலானில் இல்லாத கட்டத்தை நாமே வரைந்து 'இவர் மேனேஜர்' என்று எழுதிக் கொடுத்தால் கிளார்க் அப்படியே பதிந்துகொள்வது போல! தடுக்க வழி இருந்தது. ஆனால் நாமாகப் போட்டால்தான் உண்டு. புதியவர்கள் எங்கே போடுவார்கள்?

2012 மார்ச்சில் யெகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர், தடுப்பு தானாகவே இருக்க வேண்டும் என்று ரெயில்ஸ் குழுவிடம் வாதாடினார். அது புரோகிராமரின் பொறுப்பு என்ற ரீதியில் பதில் வந்தது. ரெயில்ஸின் கோடு இருந்ததோ கிட்ஹப்பில். கிட்ஹப்பே ரெயில்ஸில் எழுதியதுதான். மனிதர் முதலில் 3012-ஆம் வருடத் தேதி போட்டு ஒரு புகார் பதிந்தார் (குசும்பு!). பிறகு மார்ச் 4 அன்று, அதே ஓட்டை வழியாகத் தன் சாவியை ரெயில்ஸ் குழுவின் பெயரில் சேர்த்து, ரெயில்ஸ் கோடிலேயே ஒரு ஃபைலை வைத்துவிட்டார். கிட்ஹப் அவர் கணக்கை முடக்கியது. கெட்ட எண்ணமில்லை என்று தெரிந்ததும் திரும்பக் கொடுத்தது. கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு என்று எல்லோரும் நினைத்ததை கிட்ஹப்பே செய்திருந்தது என்பதுதான் மேட்டர்.

அதே மாதம் வந்த 3.2.3-ல் புதிய புராஜெக்ட்களுக்குத் தடுப்பு தானாகவே வந்தது. 2013-ல் வந்த ரெயில்ஸ் 4-ல் ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ். அனுமதிக்கும் கட்டங்களை நாமே 'பர்மிட்' செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மேலே சொன்ன எரர்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நான்கு கட்டத்தில் மூன்றை மட்டும் பர்மிட் செய்தால் எரரே வராது, நான்காவது காலியாகப் பதிவாகும். அப்போது டெர்மினல் லாகில் 'அன்பர்மிட்டட் பாராமீட்டர்' என்ற வரியைத் தேடுங்கள். அவசரத்தில் சிலர் 'பர்மிட்' பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு எல்லாவற்றையும் அனுமதித்து எரரை விரட்டுவார்கள். எரர் போய்விடும், 2012-ன் ஓட்டை திரும்ப வந்துவிடும்.