பள்ளித் தோட்டமும் பனம்பாத்தியும்

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு தொழில் முன்னிலைப் பாடம் வந்தது. ஊர்த் தொழிலைப் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்கவேண்டும் என்பது நோக்கம். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் செய்த யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்த காலம் அது. நாங்களும் மிளகாய்தான் நட்டோம். தீவகத்தில் மாரி மழை ஒன்றே. கோடையில் பல கிணறுகள் உவர்த்துவிடும். பங்குனியில் கன்றுகள் கருகின.

கைகொடுத்தது பனம்பாத்தி. புரட்டாசியில் பனங்கொட்டை அடுக்கி மண் மூடினோம்; மழையே தண்ணீர் வார்த்தது. தையில் கிழங்கு கிண்டினோம். பச்சையாய்க் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இவற்றையெல்லாம் காட்டித்தந்தவர்கள் எங்கள் ஆச்சிமார். பள்ளிக்கூட வாசல் மிதியாதவர்களும் அவர்களில் இருந்தனர். அவர்கள் சொன்னதைக் கொப்பியில் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள்! “படிக்க விட்டதோ, மண் கிண்ட விட்டதோ?” என்று கேட்ட வீடுகளும் உண்டு. கந்தோர் உத்தியோகத்துக்கே படிப்பு என்றிருந்த ஊர்.

1977இல் ஆட்சி மாறியபின் அந்தப் பாடத்திட்டம் கைவிடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தீவகமே இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்து பார்த்தபோது தோட்டம் பற்றையாகிக் கிடந்தது. வேலியோரம் நாங்கள் கிண்டாமல் விட்ட கிழங்குகள் இரண்டு மூன்று பனையாகி நின்றன.